நியூரம்பெர்க் ‘அழகிய நீரூற்று’: நகலைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

ஊர்சுற்றி

டிசம்பர் தொடக்கத்தில் அலுவலக வேலையாக மியூனிக் போகிறேன். நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கும். நியூரம்பெர்க் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் என்கிறார்கள். அங்கே ஹாப்ட்மார்க்ட் சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் ஷோனர் புருன்னன், அதாவது ‘அழகிய நீரூற்று’, படத்தில் பார்த்ததிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தங்க முலாம், சிவப்பு, நீலம், பச்சை என்று ஒரே கோலாகலம். ஆனால் கூட வேலை செய்பவர், “அது அசல் இல்லையப்பா, நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த நகல்” என்று சொல்லி என் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். போகலாமா, வேண்டாமா?

பெக்னிட்ஸ்கரை

தாராளமாக வாங்க. நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன், காய்கறி வாங்கவே அந்தச் சதுக்கத்துக்குத்தான் போகிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். முதல் நீரூற்று 1385-ல் தொடங்கி 1396-ல் முடிந்தது. கட்டியவர் ஹைன்ரிஷ் பெஹைம் என்ற கல்தச்சர். இப்போது நிற்பது 1897-ல் தொடங்கி 1902-ல் முடித்த நகல். உயரம் ஏறத்தாழ 19 மீட்டர். எண்கோணத் தொட்டி, அதன் நடுவே அடுக்கடுக்காக மெலிந்துகொண்டே போகும் கோபுரம், மொத்தம் 40 உருவங்கள்.

அந்த 40 பேர் யார் யார் என்று தெரிந்துகொண்டு வந்தால் பார்ப்பதற்கு ருசி கூடும். கீழே தொட்டியை ஒட்டித் தத்துவமும் ஏழு கலைகளும். இலக்கணம், பேச்சு, வடிவக்கணிதம், வானியல் என்று அந்தக் காலப் படிப்பு முழுவதும் ஆள் உருவில் உட்கார்ந்திருக்கும். பேச்சுக்கு சிசரோ, வடிவக்கணிதத்துக்கு யூக்ளிட், வானியலுக்கு தாலமி. கூடவே நான்கு நற்செய்தியாளர்களும் திருச்சபைத் தந்தையர் நால்வரும். அதற்கு மேல் தூண்களில் 16 பேர்: புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேர், அப்புறம் ‘ஒன்பது வீரர்கள்’. உச்சியில் மோசேயும் ஏழு தீர்க்கதரிசிகளும்.

தாத்தா63

நாலு குடம் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு மாதாகோயில் கோபுரம் மாதிரி ஒன்று எதற்கு? எனக்கு இது புரியவே இல்லை. 1990-களில் ஒருமுறை போனபோது எங்கள் வழிகாட்டி ஒரு கதை சொன்னார். பக்கத்தில் இருக்கும் ஃப்ரவன்கிர்ஷே, அதாவது அன்னை மரியாள் கோயில், அதன் உச்சியில் வைக்கத்தான் இதைச் செய்தார்களாம். செய்து முடித்ததும், இவ்வளவு அழகை மேலே ஏற்றிவிட்டால் யார் கண்ணில் படும் என்று கீழேயே நிறுத்திவிட்டார்களாம்.

பெக்னிட்ஸ்கரை

ஐயா, அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது. கோயில் வேலை 1352-ல் தொடங்கிப் பத்தே வருஷத்தில் முடிந்துவிட்டது. நீரூற்றில் கை வைத்ததே 1385-ல்.

கோபுர வடிவம் எதற்கு என்பது நல்ல கேள்வி. தண்ணீருக்காக என்றால் ஒரு தொட்டியும் நாலு குழாயும் போதும். குடைந்த மரத்தண்டுகளைக் குழாயாகப் பதித்து ஊருக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த காலம் அது. அப்படி வந்த தண்ணீரைச் சந்தை நடுவில் கொட்ட வைப்பதே ஒரு பெருமை. அதன் மேல் யாரை உட்கார வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய பெருமை. 1356-ல் பேரரசர் நான்காம் சார்ல்ஸ் வெளியிட்ட பொன்முத்திரைச் சாசனம் மூன்று ஊர்களுக்கு மூன்று மரியாதை கொடுத்தது: அரசரைத் தேர்ந்தெடுப்பது ஃப்ராங்க்ஃபர்ட்டில், முடி சூட்டுவது ஆஹனில், புது அரசர் தன் முதல் பேரவையைக் கூட்டுவது நியூரம்பெர்க்கில். அதனால்தான் அந்த ஏழு தேர்வாளர்கள் நீரூற்றிலும் நிற்கிறார்கள், எதிரே கோயில் கடிகாரத்திலும் சுற்றுகிறார்கள். கடிகாரம் 1509-ல் வைத்தது. தினமும் பகல் 12 மணிக்கு ஏழு பொம்மைகளும் வெளியே வந்து பேரரசரை மூன்று சுற்று சுற்றிவிட்டு உள்ளே போகும். ஊர்க்காரர்களுக்கு அலுத்துவிட்டது, நான் இன்னும் நின்று பார்க்கிறேன்.

நேர்படப்பேசு

எல்லாம் சரி. ஆனால் 1902-ல் செய்த பொருளுக்கு 14-ம் நூற்றாண்டு மரியாதை கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. உடைந்திருந்தால் உடைந்ததையே வைத்திருக்கலாம். மூக்கு போன சிலைக்கு இருக்கிற உண்மை, பளபளவென்று வண்ணம் பூசிய புது மூக்குக்கு வருமா? இது சுற்றுலாக்காரர்களுக்குச் செய்த ஜோடனை.

கல்லும்கதையும்

நேர்படப்பேசு, கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அசல் நீரூற்று அந்த வட்டாரத்து மணற்கல். செதுக்குவதற்கு இதம், உளி சொன்னபடி கேட்கும், பெஹைமின் ஆட்கள் தாடி மயிரைக்கூட இழை இழையாக எடுத்திருப்பார்கள். அதே மென்மைதான் அதற்கு எமன். கல்லுக்குள் தண்ணீர் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், மேல்தோல் செதில் செதிலாக உரியும். மற்ற கட்டடங்களுக்கு மழைதான் எதிரி. இது நீரூற்று, 500 வருஷம் நனைந்துகொண்டே நின்றிருக்கிறது. போதாததற்கு 19-ம் நூற்றாண்டில் அந்த ஊர் தொழில் நகரமாகிவிட்டது. ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் ரயில் 1835-ல் ஓடியது நியூரம்பெர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபுயர்ட்டுக்குத்தான். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கல்லின் பிடிப்பைத் தின்றுவிடும்.

அப்புறம், “அசலையே விட்டிருக்கலாம்” என்கிறீர்களே, எந்த அசல்? 15, 16-ம் நூற்றாண்டுகளிலேயே பழுது பார்த்து மறுபடி மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள். 1821-லிருந்து 1824 வரை மிகப் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. 1897-ல் சாரம் கட்டியபோது அங்கே நின்றது ஏற்கனவே பல கைகள் மாற்றிய பொருள். அதனால்தான் இந்த முறை மணற்கல்லை விட்டுவிட்டு, அடர்த்தியான கிளிஞ்சல் சுண்ணாம்புக் கல்லில் செய்தார்கள். மிஞ்சிய பழைய துண்டுகள் அதே ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தீர்க்கதரிசிகளின் தலைகள் சில பெர்லினுக்குப் போய்விட்டன. உங்களுக்கு மூக்கு போன சிலைதான் வேண்டுமென்றால் அங்கே போங்கள், காத்திருக்கிறது.

வண்ணத்தையும் ஜோடனை என்று தள்ளிவிடாதீர்கள். அசலும் வண்ணமும் பொன்னும் பூசியதுதான். வெறும் சாம்பல் கல்லே பழமை என்று நாம்தான் பழகிவிட்டோம்.

நேர்படப்பேசு

பல முறை பழுது பார்த்ததும் மொத்தமாக மாற்றியதும் ஒன்றாகாது. ஆனாலும் துண்டுகளை எறியாமல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள் என்றால், அதுவரை சரி.

செல்வி_ஸ்டுட்கார்ட்

எல்லாரும் கல்லையே கதைக்கிறீங்கள். வளையத்தை மறந்திட்டீங்களா? என்ர பிள்ளைகளுக்கு அந்த ஊரில் அது மட்டும்தான் ஞாபகம்.

நீரூற்றைச் சுற்றி உயரமான இரும்புக் கம்பிவேலி இருக்கு. வளைவும் சுருளுமாக, கொடி படர்ந்த மாதிரி. அதுக்குள்ள ஒரு பித்தளை வளையம் கோர்த்துக் கிடக்கும், எங்கேயும் ஒட்டுத் தெரியாது. மூன்று தரம் சுற்றி மனசுக்குள்ள ஒன்றை நினைச்சால் நடக்குமாம், வெளியில சொல்லக் கூடாதாம். முந்திப் பிள்ளை வரம் கேட்டுச் சுற்றுவினம் என்றும் ஒரு கதை. அத்தனை கை பட்டு அந்த வளையம் மட்டும் தங்கமாக மினுங்கும், வேலியின் மற்றக் கம்பியெல்லாம் கறுப்பு.

வளையம் எப்படி வந்தது என்றால், 1587-ல் வேலியைச் செய்த பவுலஸ் கூன் என்ற ஆக்ஸ்பர்க் கொல்லருக்கு ஒரு மகள். அவளை விரும்பிய பட்டறைப் பையன் ஏழை. கூன் பெண் தர மாட்டன் என்று சொல்லிப்போட்டார். கூன் ஊரில் இல்லாத நேரம் அந்தப் பையன் ராவோட ராவாக ஒட்டே இல்லாத வளையத்தைக் கோர்த்துப்போட்டு ஊரை விட்டே போட்டான். திரும்பி வந்த கூன் அந்த வேலையைப் பார்த்து, இவ்வளவு கெட்டிக்காரனையா விட்டோம் என்று தேடினாராம். பையன் கிடைக்கவே இல்லை.

இன்னுமொரு விஷயம். ஊர்ச் சனத்திட்டக் கேட்டால் பித்தளை வளையம் வெளியூர்க்காரருக்கு என்று சிரிப்பினம். வேலியின் மற்றப் பக்கம் யாரும் கவனிக்காத ஓர் இரும்பு வளையம் இருக்கு, உண்மையானது அதுதானாம்.

பட்டறைக்காரன்

செல்வி அக்கா, கதை அருமை. ஆனால் முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறை நடத்துபவனிடம் ஒட்டில்லாத வளையம் என்றால் கை சும்மா இருக்குமா? நான் நேரில் பார்த்ததில்லை, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

இரும்பு வளையமாக இருந்தால் மந்திரமே இல்லை. இரண்டு முனையையும் சாய்வாகத் தட்டி, உலையில் வெள்ளைச் சூடு ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து அடித்தால் பிடித்துக்கொள்ளும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் செய்தவனுக்கே ஒட்டு எங்கே என்று தெரியாது. அந்தக் காலத்துச் சங்கிலியெல்லாம் அப்படிச் செய்ததுதான்.

பித்தளை அப்படிப் பிடிக்காது. சூடு கொஞ்சம் கூடினால் நொறுங்கும், இன்னும் கூடினால் ஒழுகும். பொடி வைத்துப் பற்றவைக்கலாம், ஆனால் பற்று நிறம் மாறிக் கோடு காட்டும். இத்தனை பேர் தேய்க்கிற இடத்தில் அந்தக் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே என் யூகம்: வளையத்தில் யாரும் கை வைக்கவே இல்லை. அதை முழு வட்டமாக வார்த்துக் கடைந்துவிட்டு, வேலியின் கம்பியை அதற்குள் நுழைத்து, அப்புறம் கம்பியின் முனையைச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்து மூடியிருப்பார்கள். பார்க்கிறவன் வளையத்தையே முறைத்துக்கொண்டிருப்பான். வெட்டு இருப்பதோ இரண்டு அடி தள்ளி, கறுப்பு வண்ணத்துக்கு அடியில். கெட்டிக்காரப் பையன் யாரென்றால், எதிராளி எங்கே பார்ப்பான் என்று தெரிந்தவன்தான்.

செல்வி_ஸ்டுட்கார்ட்

தம்பி, என்ர பிள்ளைகளிட்ட இதைக் காட்ட மாட்டன் 😀

வரலாற்றுவாசகன்

இவ்வளவு பேசியும் அந்தச் சதுக்கம் எப்படி வந்தது என்று யாரும் தொடவில்லை. தொடாமல் விட்டால் இந்த இழை பாதிதான்.

ஹாப்ட்மார்க்ட் இருக்கும் இடத்தில் முன்பு சந்தை கிடையாது. பெக்னிட்ஸ் ஆற்றை ஒட்டிய தாழ்வான, சதுப்பான நிலம். ஆற்றுக்கு வடக்கே ஒரு குடியிருப்பு, தெற்கே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாத அந்த நிலத்தில் யூதர்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களின் தொழுகைக்கூடமும் அங்கேதான். இரண்டு பக்கமும் ஊர் வளர்ந்து ஒன்றானபோது, வேண்டாத நிலம் நட்ட நடு மனையாகிவிட்டது.

1349 நவம்பர் 16-ல் நான்காம் சார்ல்ஸ் நகரத்துக்கு ஓர் அனுமதிச் சாசனம் கொடுத்தார்: யூதர்களின் வீடுகளை இடித்து இரண்டு சந்தைச் சதுக்கங்கள் ஆக்கிக்கொள்ளலாம், தொழுகைக்கூடம் இருக்கும் இடத்தில் மரியாளுக்குக் கோயில் கட்டலாம். யூதர்கள் அவருடைய பாதுகாப்பில், அவருக்கே வரி கட்டி வாழ்ந்தவர்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீடுகளுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 5-ம் தேதி கொலை. அந்தச் சமூகத்தின் நினைவேடு 562 பேர் என்று சொல்கிறது. அது பிளேக் ஐரோப்பாவை உலுக்கிய ஆண்டு. பல ஊர்களில் யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று புரளி கிளப்பிக் கொன்றார்கள். இங்கே புரளியைவிட மனைதான் முக்கியமாக இருந்தது என்று அந்தச் சாசனத்தைப் படித்தால் தோன்றும்.

இப்போது பெக்னிட்ஸ்கரை அக்கா சொன்ன ‘ஒன்பது வீரர்கள்’ பட்டியலுக்கு வாருங்கள். ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர் மூவரும் கிறிஸ்துவத்துக்கு முந்தைய வேற்று மதத்தவர். ஆர்தர், சார்லமேன், கோட்ஃப்ரே மூவரும் கிறிஸ்தவர். மிச்சம் மூவர் யோசுவா, தாவீது, யூதா மக்கபே. மூவரும் யூத வீரர்கள். உச்சியில் மோசே, சுற்றிலும் தீர்க்கதரிசிகள். கொலை நடந்து 36 வருஷம் கழித்து, யூதர்களைத் துடைத்தெடுத்த அதே மண்ணில், யூத வீரர்களையும் தீர்க்கதரிசிகளையும் பொன் பூசி ஏற்றியிருக்கிறார்கள். கல்லில் செய்த யூதர் என்றால் கௌரவம். செதுக்கச் சொன்னவர்களுக்கு இது உறுத்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கோயிலுக்குள் போனால் தரையைப் பாருங்கள். தொழுகைக்கூடத்தின் நினைவாகப் பிற்காலத்தில் ஒரு தாவீது நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள்.

நேர்படப்பேசு

இதைத்தான் நான் வேறு மாதிரி சொன்னேன். அழகு, வளையம், வேண்டுதல் என்று மேலே மெழுகிவிட்டால் அடியில் இருப்பது தெரியாது. ஆனால் 700 வருஷப் பாவத்துக்காக ஒரு நீரூற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா என்றும் தோன்றுகிறது.

மட்டுறுத்துநர்

இன்றைய அரசியலை இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நியூரம்பெர்க்கைப் பற்றிப் பேசுங்கள்.

பெக்னிட்ஸ்கரை

நேர்படப்பேசு, 700 வருஷப் பழசு என்று தள்ள முடியாதபடி அதே சதுக்கத்தில் இன்னொரு நீரூற்றின் கதை இருக்கிறது. நகலா அசலா என்ற உங்கள் சண்டைக்கும் அது தீனி.

முப்பதாண்டுப் போர் முடிந்ததைக் கொண்டாட 17-ம் நூற்றாண்டில் ரோமானியக் கடல் தெய்வமான நெப்டியூன் பெயரில் ஒரு நீரூற்றுக்கு வெண்கல உருவங்கள் செய்தார்கள். சிற்பி கேயோர்க் ஷ்வைகர், கூட வேலை செய்தவர் கிறிஸ்டோஃப் ரிட்டர். செய்ததோடு சரி, சதுக்கத்தில் நிறுத்தவே இல்லை, கிடங்கில் கிடந்தது. நகரம் கடனில் தத்தளித்தபோது 1797-ல் ரஷ்யாவின் ஜார் மன்னர் முதலாம் பாவேலுக்கு விற்றுவிட்டார்கள். இன்று அது பீட்டர்ஹாஃப் அரண்மனைத் தோட்டத்தில்.

நியூரம்பெர்க்கிலிருந்து யூதர்களை 1499-ல் மொத்தமாக வெளியேற்றினார்கள் இல்லையா, அதற்குப் பிறகு ஒரு யூதர் அங்கே குடியுரிமை பெற 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படித் திரும்பி வந்த சமூகத்தைச் சேர்ந்த லுட்விக் ஃபான் கெர்ன்குரோஸ் என்ற வணிகர், விற்றுப்போன நெப்டியூனுக்கு நகல் வார்க்கச் செலவு கொடுத்தார். 1902-ல் அது ஹாப்ட்மார்க்ட்டில் நின்றது, அழகிய நீரூற்றின் நகல் முடிந்த அதே வருஷம். 1933-ல் நாஜிகள் சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். கட்சி மாநாட்டு அணிவகுப்பு அங்கேதான். அடுத்த வருஷம் யூதர் பணத்தில் வந்தது என்று நெப்டியூனை எடுத்துவிட்டார்கள். கோட்ஃப்ரேயும் சார்லமேனும் நின்ற நீரூற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் தாவீதும் நின்றார், அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

நெப்டியூன் இப்போது நகரப் பூங்காவில், 1962-லிருந்து. திரும்பச் சதுக்கத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும்.

கல்லும்கதையும்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் படை பீட்டர்ஹாஃபிலிருந்து அந்த அசல் நெப்டியூனைப் பிரித்து நியூரம்பெர்க்குக்கே தூக்கி வந்தது. விற்ற பொருளைத் திருடிக் கொண்டுவந்தார்கள்! 1947-ல் ரஷ்யாவுக்குத் திரும்பியது.

தாத்தா63

அம்மாடி. போரில் அழகிய நீரூற்று எப்படித் தப்பியது? நான் பார்த்த பழைய படத்தில் சுற்றிலும் ஒரே இடிபாடு.

பெக்னிட்ஸ்கரை

உயரத்துக்கும் கான்கிரீட் உறை கட்டி மூடிவிட்டார்கள் ஐயா. 1945 ஜனவரி 2 இரவு 500-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் வந்து பழைய நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கின. ஃப்ரவன்கிர்ஷேயில் சுவர்களும் முகப்பும்தான் மிஞ்சின. உறைக்குள் இருந்த நீரூற்று நின்றது. இன்று சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பின் எழுந்தவை. அவற்றோடு ஒப்பிட்டால் நமது ‘நகல்’தான் மூத்தது. நேர்படப்பேசு கவனிக்க.

நேர்படப்பேசு

கவனித்தேன். 1902-ன் பொருளாக, போரைத் தாண்டி நிற்கும் பொருளாக அதற்கு மரியாதை கொடுக்கிறேன். 1396 என்று போட்டு அஞ்சலட்டை விற்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர்சுற்றி

ஒரு கேள்வி கேட்டால் ஒரு புத்தகமே கிடைத்துவிட்டது. சனிக்கிழமை போவது உறுதி. நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று அக்கா சொன்னால் நல்லது.

பெக்னிட்ஸ்கரை

காலை சீக்கிரம் ரயில் ஏறிவிடுங்கள். நிலையத்திலிருந்து ஹாப்ட்மார்க்ட் நடந்தே போகலாம், கால் மணி நேரம். வழியில் லோரன்ஸ் கோயிலை ஒட்டி 1580-களில் வைத்த நற்குணங்களின் நீரூற்று வரும். நற்குணங்களைப் பெண்களாக வடித்து, மார்பிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வைத்திருக்கிறார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் படம் போடும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவது கிறிஸ்துமஸ் சந்தை நேரம். சதுக்கம் முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைக் கடைகள், மதியத்துக்கு மேல் நகர இடம் இருக்காது. வளையத்துக்கு வரிசை நிற்கும். கடைகள் திறக்கும் முன்பே போய் நீரூற்றை ஆற அமர ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வீரர்கள் நிற்கும் அடுக்கைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும், தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. பிறகு அருங்காட்சியகம். திங்கள்கிழமைதான் விடுமுறை, சனிக்கிழமை திறந்திருக்கும். பழைய துண்டுகளைப் பார்த்துவிட்டு 12 மணிக்குள் சதுக்கத்துக்குத் திரும்பினால் கடிகாரப் பொம்மைகள். பசித்தால் ரொட்டிக்குள் விரல் நீளத்தில் மூன்று பன்றி இறைச்சிச் சாசேஜ் வைத்துத் தருவார்கள். சைவம் என்றால் வறுத்த பாதாம் பொட்டலத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

பட்டறைக்காரன்

ஊர்சுற்றி தம்பி, ஒரு உதவி. எல்லாரும் வளையத்தைத்தான் படம் எடுப்பார்கள், அது எனக்கு வேண்டாம். வளையம் கோர்த்திருக்கும் கம்பி மேலேயும் கீழேயும் எந்த இடத்தில் சட்டத்தோடு சேர்கிறதோ, அந்த இரண்டு முனையையும் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். அங்கே ஆணித்தலையா, பட்டையா, வெல்டா என்று தெரிந்தால் என் யூகம் நிற்குமா விழுமா என்று சொல்லிவிடலாம். முடிந்தால் மற்றப் பக்கத்து இரும்பு வளையத்துக்கும் அதே மாதிரி ஒன்று.

ஊர்சுற்றி

எடுக்கிறேன் அண்ணா. சுற்றிவிட்டு எடுக்கவா, எடுத்துவிட்டுச் சுற்றவா?

பட்டறைக்காரன்

முதலில் படம். சுற்றுபவர்கள் கை மறைக்கும்.